கடைசிப் பக்கம் வேண்டாம்

மங்களூரு,
12.11.2023

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

கர்த்தருக்குள் வாழ்த்துகள். நான் இங்கே நல்ல சுகம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? ஜெராக்ஸ் கடையில் பேப்பர் கட்டுகளை நீங்களே தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம்.

வந்து இறங்கிய அன்றே வார்டன் எங்கள் எல்லோருடைய போனையும் வாங்கி, பெயர் எழுதி ஒட்டி, அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். நர்சிங் முதலாம் ஆண்டு முழுக்க இப்படித்தானாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து நிமிடம் வீட்டுக்குப் பேசலாம், அதுவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அம்மா "சாப்பிட்டியா, ஜெபம் பண்ணுனியா" என்று கேட்டு முடிப்பதற்குள் நாலரை நிமிடம் போய்விடுகிறது. ஆகையால் உங்களுக்கு இனிமேல் கடிதம்தான். "போன்ல பேசிட்டே இருந்தா எழுத்து எப்பிடிட்டி வரும்?" என்று என்னைப் பத்தாம் வகுப்பிலிருந்து திட்டியவர் நீங்கள். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருப்பீர்கள். சொன்னபடி ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதியிருக்கிறேன். சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புங்கள்.

அறையில் மூன்று பேர். ஒருத்தி பாலக்காடு, அவள் எப்போதும் போர்வைக்குள் இருப்பாள். இன்னொருத்தி நம்ம மாவட்டம்! கீரிப்பாறை. பெயர் ஸ்டெனி. அவள் அம்மா அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். இங்கே மற்ற தமிழ்ப் பெண்கள் என் பேச்சைக் கேட்டு மலையாளியா என்று கேட்கிறார்கள், ஸ்டெனி ஒருத்திதான், நான் வாயைத் திறந்ததும் "புதுக்கடையா, மார்த்தாண்டமா?" என்று கேட்டாள். மணி என்ன என்று அவள் கடிகாரம் பார்ப்பதில்லை. "எஸ்டேட் பஸ் வந்திருக்கும், அம்மை ஏறியிருப்பா" என்று சொல்லுவாள். பார்த்தால் சரியாக மணி இரண்டாக இருக்கும்.

இங்கே சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். வேறு குறை ஒன்றும் இல்லை.

உங்கள் ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஜெனிலா


புதுக்கடை,
23.11.2023

மக்கா ஜெனிலா,

உனக்குச் சமாதானம். என் முட்டைப் பற்றி விசாரித்ததற்கு முட்டின் சார்பில் நன்றி. அது தன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். உன் அம்மாவும் நலம். நீ இல்லாத வீட்டில் யாரை அதட்டுவது என்று தெரியாமல் என் கடைக்கு வந்து என்னை அதட்டிவிட்டுப் போகிறாள்.

கடிதத்தைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். "வேறு குறை ஒன்றும் இல்லை" என்பதை அடித்திருக்கிறேன். சாம்பாரில் வெல்லம் என்றதோடு நின்றிருந்தால் நான் சிரித்திருப்பேன். நீ அடுத்த வரியில் வந்து என் சிரிப்பைத் துடைத்துவிட்டாய். சொல்ல வேண்டியதைச் சொன்னதும் எழுந்து போய்விட வேண்டும் மக்கா. எஸ்டேட் பஸ் இடம் முதல்தரம். அதில் ஒரு எழுத்தைக்கூட நான் தொடவில்லை.

போன வாரம் நம் சபையில் ஒரு அடக்க ஆராதனை. வழக்கம்போல இறந்தவருடைய வாழ்க்கைக் குறிப்பு எழுதித்தரச் சொல்லிப் பிள்ளைகள் கடைக்கு வந்து நின்றார்கள். "கொடை வள்ளல்னு போடுங்க அக்கா" என்றான் மூத்தவன். அந்த மனிதர் ஒருத்தருக்கு ஒரு துண்டு மரச்சீனிக் கிழங்கு கொடுத்து நான் கண்டதில்லை. தன் தோப்பில் ஒவ்வொரு தென்னைக்கும் என்ன வயது என்று அவருக்கு மனப்பாடம், அதை எழுதிக்கொடுத்தேன். போதகர் அதை வாசித்தபோதுதான் இறந்தவரின் மனைவி முதல்முறையாக அழுதாள். இறந்தவர்களைப் பற்றி முந்நூறு குறிப்பாவது எழுதியிருப்பேன். எனக்குத் தெரிந்த வித்தை இது ஒன்றுதான். உனக்கு உயிரோடு இருப்பவர்களை எழுத வருகிறது. அது வேறு வரம்.

சென்னைப் பத்திரிகை ஒன்று இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்குச் சிறுகதைப் போட்டி வைத்திருக்கிறது. கடைசி நாள் ஜனவரி முப்பத்தொன்று. நீ எழுதுகிறாய். "பரீட்சை இருக்கிறது பெரியம்மா" என்கிற கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

கர்த்தர் உன்னோடிருப்பாராக.

பெரியம்மா,
நேசபாய்


மங்களூரு,
10.12.2023

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வாழ்த்துகள். சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு விடுமுறை இல்லை. நாங்கள் தமிழ்ப் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து விடுதியில் கீதம் பாடப் போகிறோம். ஸ்டெனிதான் பாடுவதில் முதல். ஆனால் நீளமான வரி வந்தால் நடுவில் நிறுத்தி எங்களைப் பார்த்துச் சிரிப்பாள், வரியை நாங்கள் முடிக்க வேண்டும்.

நீங்கள் திருத்திய கடிதத்தின் ஓரத்தில், ஒரு ஆளைக் கவனித்துப் பத்து வரி எழுதச் சொல்லியிருந்தீர்கள். ஸ்டெனியையே எழுதுகிறேன். எங்கள் அறை மூன்றாவது மாடியில். அவள் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வாள். அந்தச் செருப்பில் வார் கிடையாது. படுக்கையில் அவள் படுப்பதில்லை. இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்து, சுவரில் சாய்ந்து, தூரப் பயணத்தில் பஸ்சில் உறங்குகிறவர்கள் மாதிரி உறங்குவாள். கேட்டால், "எங்க லயத்துல ஒத்த ரூம்தான, எடம் கெடையாதுல்லா, உக்காந்து ஒறங்கித்தான் பழக்கம்" என்பாள். எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பைபிள்மேல் கைவைத்து வாக்குக் கொடுத்த ஒரு காரியத்தைக் கதையாக எழுதினால், அது வாக்குத் தவறியதாகுமா?

பதில் போடுங்கள்.

உங்கள்,
ஜெனிலா


மங்களூரு,
6.1.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நீங்கள் திருத்தி அனுப்பிய கடிதம் கிடைத்தது. அதன் ஓரத்தில் "பேரை மாற்று, ஊரை மாற்று, தொழிலை மாற்று. அவ்வளவுதான். எழுதுகிறவளுக்கு எல்லாமே சரக்கு" என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே செய்திருக்கிறேன். கதையை இத்துடன் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு பக்கம்.

திருப்பூர் பனியன் கம்பெனி விடுதியில் நடக்கிறது. வசந்தி என்று ஒருத்தி. சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவள் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும். நோய் தெரிந்தால் கம்பெனியில் நிறுத்திவிடுவார்கள் என்று ஊசியை விட்டுவிடுகிறாள். அம்மா போனில் "ஊசி போட்டியா?" என்று கேட்கிறபோதெல்லாம் "போட்டேம்மா" என்கிறாள். மாலையில் கால் வீங்குகிறது. இது கூட இருக்கிற தோழிக்கு மட்டும் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தோழி சத்தியம் செய்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில், தோழி சத்தியத்தை மீறி வசந்தியின் அம்மாவுக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிடுகிறாள். அம்மா வந்து கூட்டிக்கொண்டு போகிறார். வசந்தி தோழியிடம் முகம்கொடுத்துப் பேசாமல் போகிறாள்.

பெரியம்மா, மற்றப் பக்கங்களை மெதுவாகத் திருத்துங்கள். முடிவைப் பற்றி மட்டும் உடனே சொல்லுங்கள். தோழி செய்தது சரிதானே? அப்படி எழுதினால் அவளுக்குச் சிநேகிதி போய்விடுவாள், வசந்திக்கு வேலை போய்விடும். ஆனாலும் எழுதத்தானே வேண்டும்? எனக்கு இதில் தீர்மானம் வரமாட்டேன் என்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதுதான்.

சீக்கிரம் பதில் போடுங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

ஜெனிலா


புதுக்கடை,
13.1.2024

என் தங்கம் ஜெனிலாவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். கதையை மூன்று தரம் வாசித்தேன். கடையில் ஆதார் அட்டை நகலுக்கு நின்றவர்களை நிற்க வைத்துவிட்டு வாசித்தேன். ஒருவர் கோபித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார், போகட்டும்.

இதுவரை நீ எழுதியதெல்லாம் பயிற்சி. இதுதான் கதை. ஸ்டெனியின் செருப்பு வாரையும் சுவரில் சாய்ந்து உறங்குவதையும் எடுத்து, அதற்கு இல்லாத ஒரு நோயைச் சேர்த்து, ஒரு முழுப் பெண்ணை உண்டாக்கிவிட்டாயே! இப்படித்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறவளுக்கே தெரியாமல் எடுக்க வேண்டும். அந்த "போட்டேம்மா" வருகிற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

இப்போது முடிவு. மக்கா, கடைசிப் பக்கம் வேண்டாம். தோழி கடிதம் எழுதுகிறாள், அம்மா வருகிறாள், எல்லாம் சரியாகிறது. இது ஓய்வுநாள் பள்ளியில் சொல்லுகிற கதை. பதினோரு பக்கம் உன்னைப் பெரிய எழுத்துக்காரி என்று நம்பவைத்துவிட்டு, பன்னிரண்டாம் பக்கத்தில் சபை ஊழியக்காரி ஆகிவிட்டாய். தோழி சொல்லக்கூடாது. தெரிந்துகொண்டே சும்மா இருக்கிறாள் பார், அதுதான் கதை. வசந்தி சுவரில் சாய்ந்து உறங்குகிறாள், தோழி விழித்திருந்து அவள் மூச்சை எண்ணுகிறாள். அங்கே நிறுத்து. வாசிக்கிறவன் வீட்டுக்குப் போயும் எண்ணிக்கொண்டிருப்பான்.

நீ தீர்மானம் வரவில்லை என்று எழுதியதால் தீர்மானத்தை நானே எடுத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தை நீக்கி, கடையிலேயே டைப் செய்து, நேற்றே போட்டிக்கு அனுப்பியாயிற்று. கோபப்படாதே. பிறகு எனக்கு நன்றி சொல்லுவாய்.

நன்றாகச் சாப்பிடு. நெய் மிட்டாய் அனுப்புகிறேன், ஸ்டெனிக்கும் கொடு.

உன்னால் பெருமைப்படும்,
பெரியம்மா


மங்களூரு,
27.1.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வாழ்த்துகள். சுகம். கடிதமும் நெய் மிட்டாயும் கிடைத்தன. ஸ்டெனிக்குக் கொடுத்தேன். பாதி தின்றாள்.

நீங்கள் சொன்னபடி கடைசிப் பக்கம் இல்லாமல் வாசித்துப் பார்த்தேன். அதுதான் நன்றாக இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. வார்டு டூட்டி போட்டிருக்கிறார்கள். எழுத நேரம் கிடைப்பதில்லை.

ஜெனிலா


புதுக்கடை,
5.3.2024

அன்பு ஜெனிலா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு இன்று வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஸ்டெனி இறந்த செய்தியை வார்டன் சொல்லி உன் அம்மா என்னிடம் வந்து சொன்னாள். டூட்டியில் இருக்கும்போதே விழுந்தாளாம், இரண்டு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தாளாம். உன் சிநேகிதி அல்லவா, நானும் உன் அம்மாவும் கீரிப்பாறைக்கு அடக்கத்துக்குப் போனோம். ஆம்புலன்ஸில் உங்கள் கல்லூரியிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நீ வருவாய் என்று நினைத்தேன். நீ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாக அதில் ஒருத்தி சொன்னாள்.

வாழ்க்கைக் குறிப்பு எட்டே வரி. பிறந்த தேதி, ஞானஸ்நானம், திடப்படுத்தல், படித்த பள்ளி, கல்லூரி. பத்தொன்பது வயதுக்கு வேறு என்ன எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வாசிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் அம்மா ரெத்தினபாய் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கேப்பேனே, ஊசி போட்டியாட்டின்னு. போட்டேம்மான்னு சொன்னியே பிள்ள. காலு வீங்கியிருக்குன்னு யாராவது ஒரு வார்த்த எழுதிப் போட்டிருந்தா நான் அண்ணைக்கே பஸ் ஏறியிருப்பேனே."

பக்கத்தில் நின்ற உன் அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

ஜெனிலா, அந்தக் கதை கதைதானே?

உடனே பதில் போடு.

பெரியம்மா


புதுக்கடை,
2.4.2024

அன்பு ஜெனிலா,

கர்த்தர் உன்னைத் தேற்றுவாராக. பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய், "பெரியம்மா பக்கத்துல நிக்காவ, குடுக்கட்டா?" என்று அவள் கேட்டால் நேரம் ஆகிவிட்டது என்கிறாயாம். ஈஸ்டரும் போய்விட்டது.

நான் சொல்லாமல் மறைக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. போன வியாழக்கிழமை பத்திரிகையிலிருந்து போன் வந்தது. கதைக்கு முதல் பரிசு. மே மாத இதழில் வருகிறது. பேசியவர் அந்த முடிவைப் பற்றியே பேசினார். "பத்தொன்பது வயசுல இவ்வளவு கட்டுப்பாடா!" என்றார். நான் சரி, சரி என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தேன். பிறகு கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு பிள்ளைக்கு முதல் பரிசு கிடைத்த அன்று நான் இப்படிக் கடையைச் சாத்துவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

திட்டுவதானாலும் எழுது. சிவப்பு மை தொடமாட்டேன்.

பெரியம்மா


மங்களூரு,
14.4.2024

பெரியம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் அதை நீங்கள் அடிப்பீர்கள், அதனால் எழுதவில்லை.

கதை கதையில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் குளியலறையில் ஸ்டெனி மூச்சு முட்டி உட்கார்ந்திருந்தபோது நான் பார்த்துவிட்டேன். சொல்லிவிட்டாள். அட்மிஷனுக்கு நோயை மறைத்துச் சான்றிதழ் வாங்கியது, இங்கே ஊசி போட்டால் கல்லூரிக்குத் தெரிந்துவிடும் என்று அக்டோபரிலிருந்து போடாதது, எல்லாம். "லயத்துல இருந்து நர்சாப் போற மொதல் ஆளு நான்தாம்ட்டி. ஒரு வருசம், ஒரே ஒரு வருசம் ஓடிட்டா அப்பறம் நானே எனக்குப் போட்டுக்குவேன்" என்றாள். பைபிளை எடுத்து என் கையை அதன்மேல் வைத்தாள்.

நான் அவள் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன் பெரியம்மா. ஜனவரி இரண்டாம் தேதி. கதையின் கடைசிப் பக்கத்தில் தோழி எழுதுகிற கடிதம் அதுதான், ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. உறையில் போட்டு முகவரி எழுதி என் அனாட்டமி புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். தைரியம் வரவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேன், உங்களிடம் நேராகக் கேட்கவும் முடியவில்லை. கதையாக அனுப்பினால் நீங்கள் "சரிதான், எழுதத்தான் வேண்டும்" என்பீர்கள், உறையைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

கடைசிப் பக்கம் வேண்டாம் என்று எழுதினீர்கள்.

உங்கள்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. ஒரு மாதம் உங்கள் எழுத்தைப் பார்க்கவே முடியவில்லை. செருப்பு வாரைக்கூடக் கண்டுபிடித்தீர்களே, அந்தச் செருப்புக்காரி ஏன் குனிகிறாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா? "ஸ்டெனிக்குச் சுகந்தானா?" என்று ஒரு வரி கேட்டிருந்தால் நான் எல்லாம் சொல்லியிருப்பேன்.

ஆனால் நான் இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் அது இல்லை. நீங்கள் சொன்னபிறகு கதையை நான் திரும்ப வாசித்தேன். நீங்கள் சொன்னது உண்மை, அது நன்றாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது பெரியம்மா. அன்றைக்கு அந்த உறையைக் கிழித்தேன். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் அவள் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள், நான் அவள் மூச்சை எண்ணினேன், கதையில் இருக்கிற மாதிரியே. உங்களைக் குற்றம் சொல்லிவிடலாம். இதை நான் யார் தலையில் வைப்பேன்?

அதனால்தான் அடக்கத்துக்கு வரவில்லை. அவள் அம்மா என் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்துபோயிருக்கும்.

பரிசு வேண்டாம். நான் இனிமேல் எழுதமாட்டேன். இதுதான் கடைசி.

ஜெனிலா


புதுக்கடை,
22.4.2024

அன்பு மகளே,

உன் கடிதம் கிடைத்தது. நான் திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

உன்னிடம் ஒருதரமும் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். நான் ஏன் கதை எழுதுவதை நிறுத்தினேன் என்று நீ சின்னப் பிள்ளையில் கேட்பாய், நான் கடை, வேலை என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். எனக்கு நல்ல வாக்கியம் எழுத வரும், கதை வராது. இருபத்தாறு வயதில் அதை நானே கண்டுகொண்டேன். அப்புறம் செத்தவர்களுக்குக் குறிப்பு எழுத இறங்கினேன். அவர்களைப் பற்றி எழுதினால் அவர்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, அதுவே பழகிவிட்டது. உன் பன்னிரண்டு பக்கம் வந்த அன்று அச்சில் அதைப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை எனக்குப் பேய் மாதிரிப் பிடித்தது. நீ "சரிதானே?", "எழுதத்தானே வேண்டும்?" என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். ஒரு கதையின் முடிவுக்கு எந்தப் பிள்ளையாவது ஸ்பீடு போஸ்ட் கேட்குமா? அதை நான் பார்க்கவில்லை. உயிரோடு இருந்த ஒரு பிள்ளையை நான் செத்தவர்களை வாசிக்கிற மாதிரி வாசித்துவிட்டேன்.

உறையைக் கிழித்தது உன் கைதான். இல்லை என்று சொல்லி உன்னைத் தேற்றமாட்டேன். ஆனால் கிழிக்கச் சொன்னது நான். உனக்குப் பத்தொன்பது வயது. எனக்கு ஐம்பத்தெட்டு.

பத்திரிகைக்குப் போன் செய்து கதையை வெளியிட வேண்டாம் என்று கேட்டேன். இதழ் அச்சுக்குப் போய்விட்டதாம். அதனால் ரெத்தினபாய் வேறு யார் வாயிலாகவும் இதைக் கேட்கக்கூடாது. நாளைக் காலை நான் கீரிப்பாறைக்குப் போகிறேன். உன் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய், நானும் அதைச் சாக்காக வைத்து இருந்துவிடுவேன்.

எனக்காக ஜெபம் பண்ணு.

பெரியம்மா


கீரிப்பாறை,
6.5.2024

அன்புள்ள ஜெனிலா பிள்ளைக்கு,

ஸ்டெனிக்க அம்மை ரெத்தினபாய் எழுதுதது. சொகமா இருக்கியா பிள்ள. நான் எட்டாங்கிளாஸ், பேசுத மாதிரிதான் எழுத வரும்.

ஒனக்க பெரியம்மை இங்க வந்தாவ. முட்டு வலியோட மேட்டுல ஏறி வந்தாவ. நான் பால் வெட்டிட்டு வருதவரைக்கும் வாசல்ல நின்னாவ, உள்ள கேறல. எல்லாம் சொன்னாவ. அழுவாம சொன்னாவ. நான் வெட்டுக்கத்திய கீழ போட்டுட்டு வாயில வந்ததெல்லாம் சொல்லிப்போட்டேன். ஒன்னயும் சொன்னேன். இறங்கிப் போங்கன்னு சொன்னேன். அவிய போகல. அங்கயே நின்னாவ.

பெறவு நான் கேட்டேன், எனக்க பிள்ளயப் பத்தி அதுல என்ன எழுதியிருக்குன்னு. கைப்பையில வச்சிருந்தாவ. வாசிச்சாவ. பாட்டுப் பாடும்போ நடுவுல நிறுத்திச் சிரிப்பான்னு எழுதியிருக்கியே, அது அவதான். இங்கயும் அப்பிடித்தான். பஸ் வருத நேரம் சொல்லுதது, தல சீவும்போ சீப்பக் கடிச்சுட்டு நிக்கது, அதெல்லாம் நான் மறந்துபோயிருந்தேன். கோயில்ல வாசிச்ச குறிப்புல எனக்க பிள்ள இல்ல. இதுல இருந்தா. பெரியம்மை வாசிக்க வாசிக்க எனக்கு அவ எழுந்து வருத மாதிரி இருந்திச்சு.

அவ சாஞ்சு ஒறங்குதா, மற்றவ மூச்ச எண்ணுதான்னு வந்ததும் நிறுத்திட்டாவ. நான் பெறவுன்னு கேட்டேன். அவிய தாள மடக்கினாவ. பெறவு என்னாச்சு, அந்தப் பிள்ள யாருகிட்டயும் சொல்லலியான்னு கேட்டேன். அப்பந்தான் பெரியம்மை அழுதாவ. அப்பிடி ஒரு ஆள் அழுது நான் பாத்ததில்ல. பெறவு நான்தான் தண்ணி மோந்து குடுத்தேன்.

பிள்ள, ஒன்ன மன்னிச்சிட்டேன்னு எழுத எனக்கு இப்பம் முடியாது. பொய்யா எழுதி என்ன. எனக்க பிள்ளயும் பொய் சொன்னா, நாங்களும் காலேஜுல பொய் சொல்லித்தான் சேத்தோம். அதயும் நான் நெனைக்காம இல்ல. ராத்திரி ஒருநேரம் ஒன்மேல கோவம் வரும், ஒருநேரம் எனக்க மேலயே வரும்.

நீ இனி எழுதமாட்டேன்னு சொன்னதா பெரியம்மை சொன்னாவ. அது எனக்குச் சரியாத் தோணல. எனக்க பிள்ளய அப்பிடி எழுத வேற ஆளு இல்ல. லீவுக்கு வரும்போ இங்க வா. வந்து அவ அங்க இருந்த அஞ்சு மாசத்தயும் ஒண்ணு விடாம எனக்குச் சொல்லு. ஏசினாலும் கேட்டுக்கோ.

ஒரே ஒரு காரியம். அந்த ஆஸ்டல்ல இன்னும் எத்தனயோ பிள்ளைய இருக்கும். அதுல ஒண்ணுக்குச் சொகமில்லேன்னு ஒனக்குத் தெரிஞ்சா, மொதல்ல அவளுக்க அம்மைக்கு ஒரு கார்டு எழுதிப் போடு. கதைய பெறவு எழுதினா போரும்.

இப்படிக்கு,
ரெத்தினபாய்